பெயர் சொல்லாத பாடம்

சாரி-தாலா
14 செப்டம்பர் 1996

ஜிபாரின் அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பிஷ்கெக்கில் உங்கள் வீட்டுக் குழாயில் வெந்நீரே வருகிறது என்று பஸ் டிரைவர் கூபாத் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இங்கே ஜிபார் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அத்தை இறந்த பிறகு மாமா முன்னைப் போல இல்லை. குதிரை ஏறுவதில்லை, சந்தைக்குப் போவதில்லை. எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் ஜெர்மன் வகுப்பை மூடிவிட்டார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அனார்குல், இனிமே ஜெர்மன் யாருக்கும் வேண்டாமாம். எல்லாருக்கும் இங்கிலீஷ்தான் வேணுமாம். நீங்களே எடுத்துடுங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"என்ன இப்படிச் சொல்றீங்க! வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியார். இத்தனை வருஷம் கூட இருந்ததுல கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா?"

பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் முக்காட்டை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். நீங்கள் எங்கே, யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

நவம்பரில் மேலிடத்திலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான் திறந்த வகுப்பு எடுக்க வேண்டும். நீங்கள் எடுக்காததா? பரிசோதகர்கள் பின் பெஞ்சில், தேறின பிள்ளைகள் முன் பெஞ்சில், மக்குகளுக்கெல்லாம் அன்றைக்குக் காய்ச்சல். பாடத்தையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். சுட்டுச் சொற்கள். திஸ், தட், தீஸ், தோஸ். "நாலே நாலு சொல்லு, ஒரு ராத்திரிக்குக் காணாது" என்கிறார் தலைமையாசிரியர்.

உதவி கேட்கிறேன். ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு கேட்க எனக்கு வராது. தேறினால் வேலை நிரந்தரமாகும், ஆசிரியர் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும். கிடைத்த மறுநாள் ஜிபாரைக் கூட்டிக்கொண்டு உங்கள் அப்பா வீட்டை விட்டுப் போய்விடுவேன். தேறாவிட்டால் பள்ளிச் சமையலறையில் விறகு போட வேண்டும், வீட்டில் தேநீர் ஊற்ற வேண்டும், சாகிறவரைக்கும். இதைத் தெரிந்துகொண்டே உதவுவதானால் உதவுங்கள்.

ஒரு சந்தேகம். நம் கிர்கிஸ் மொழியில் கையருகே இருப்பதற்கு ஒரு சொல். தள்ளி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்பதற்கு ஒரு சொல். கண்ணிலேயே படாமல், ஆனால் பேசுகிற இரண்டு பேருக்கும் எதுவென்று தெரிந்ததற்கு இன்னொரு சொல். இங்கிலீஷ் புத்தகத்தில் இந்தக் கடைசி இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் இருக்கிறது. அச்சுப் பிழையா?

அனார்குல்


பிஷ்கெக்
2 அக்டோபர் 1996

அன்புள்ள அனார்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னவோ என்று பயந்துபோனேன். நல்லவேளை, இலக்கணம்தான்.

அச்சுப் பிழை இல்லை. இங்கிலீஷ்காரன் சிக்கனக்காரன். தள்ளி இருந்தால் 'தட்'. கண்ணுக்குத் தெரிந்தாலும் அதுதான், தெரியாவிட்டாலும் அதுதான். பக்கத்தில் இருந்தால் 'திஸ்'. ஒன்றுக்கு மேல் போனால் 'தீஸ்', 'தோஸ்'. பிள்ளைகள் 'திஸ் புக்ஸ்' என்பார்கள், அங்கேதான் அடி விழும், அதைப் பத்து தடவை சொல்ல வை.

எவ்வளவு தூரம் போனால் 'தட்' ஆகும் என்று கேட்பார்கள். அதற்கு அளவுகோல் கிடையாது. பேசுகிறவன் எதைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறானோ அது 'திஸ்'. இங்கே எங்கள் ஆபீஸின் இங்கிலீஷ்கார மேலதிகாரி சாப்பாட்டு மேசையில் மூக்குக்கு நேரே இருக்கிற சூப்பை 'தட்' என்பார், பிடிக்கவில்லை என்று அர்த்தம். டெலிபோனில் தன்னை 'திஸ்' என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நானும் இங்கே அப்படித்தான் சொல்கிறேன். முதலில் யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வது போல இருந்தது, இப்போது பழகிவிட்டது.

அறை விஷயம். நீ போக மாட்டாய், அனார். எத்தனை சண்டையில் மூட்டை கட்டியிருக்கிறாய்! பால் கறக்கிற நேரம் வந்ததும் நீயே அவிழ்த்துவிடுவாய். அதனால்தான் நிம்மதியாக உதவுகிறேன்.

எர்கின்


சாரி-தாலா
19 அக்டோபர் 1996

ஜிபாரின் அப்பாவுக்கு,

மடி கனத்து மாடு கத்தினால் யாராவது போய்க் கறக்கத்தான் வேண்டும். நீங்கள் அந்தச் சத்தம் கேட்காத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதை என் பலவீனம் என்று எழுதுகிறீர்கள்.

பாடம் சொல்லித் தந்ததற்கு நன்றி. பென்சிலைக் கையில் பிடித்து 'திஸ்' என்றேன். ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டி 'தட்' என்றேன். முதல் நாள் நன்றாகவே போயிற்று. இரண்டாம் நாள் மேய்ப்பர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நான் ஏறியிருக்கிற குதிரை 'திஸ்'தானே?"

"ஆமா."

"அது என்னைக் கீழ தள்ளிட்டு ஓடுது. எந்த இடத்துல அது 'தட்' ஆகும்?"

வகுப்பே சிரித்தது. "விழுந்தவ எந்திரிச்சுத் தேட ஆரம்பிக்கிற இடத்துல" என்றேன். அவள் புரிந்த மாதிரி தலையாட்டினாள். இது சரியா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அதைக் கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸுக்குப் போய் உங்கள் எண்ணுக்கு டிரங்கால் போட்டேன். அந்தப் பெண் எடுத்தாள். ரஷ்யனில் "யார் பேசுறது?" என்றாள். நான் என்ன சொல்வது? மனைவி என்றா? பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "தப்பான நம்பர்" என்று வைத்துவிட்டேன். வெளியே வந்ததும் கிழவர் ஒருவர், "லைன் கிடைக்கலையாம்மா?" என்றார் ரொம்ப இரக்கமாக. அந்த இரக்கத்துக்குப் பதில் அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பென்சிலும் மலையும் சலித்துவிட்டது. பரிசோதகர்களுக்கும் சலிக்கும். உயிருள்ளதாக ஏதாவது வேண்டும். யோசித்து எழுதுங்கள். வகுப்புத் திட்டத்தை நவம்பர் தொடக்கத்தில் அனுப்பியாக வேண்டும்.

அனார்குல்


பிஷ்கெக்
30 அக்டோபர் 1996

அன்புள்ள அனார்,

தினாரா சொன்னாள், யாரோ வைத்துவிட்டார்கள் என்று. நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன எழுதுவது? வேலை இருக்கிற இடத்தில் மனுஷன் தனியாக இருக்க முடியாது, நீயும் சின்னப் பிள்ளை இல்லை. உன்னை நான் விடவில்லை. அது வேறு, இது வேறு.

வகுப்புக்கு நல்ல யோசனை இருக்கிறது. நடு அறைச் சுவரில் இருக்கிற பெரிய போட்டோவை எடுத்துக்கொண்டு போ. அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் எடுத்தது. அப்பா நாற்காலியில் இருப்பார். பின்னால் மம்பெத் சித்தப்பா, கலிபெக் அண்ணன், நான். பரிசோதகர்களுக்குக் குடும்பப் படம் என்றால் மனசு உருகிவிடும். விரலால் தொட்டுக் காட்டினால் 'திஸ்', எட்ட நின்று காட்டினால் 'தட்'. முதலில் நீ சொல்லிக் காட்டு, பிறகு பிள்ளைகள் சொல்லட்டும்.

உனக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது என்று திட்டம் முழுவதையும் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். 'திஸ் இஸ் தஷ்தான். தட் இஸ் மம்பெத். தட் இஸ் கலிபெக். தட் இஸ் எர்கின்.' பெயர்தான் மாறுகிறது, மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. கூபாத் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எர்கின்


சாரி-தாலா
24 நவம்பர் 1996

ஜிபாரின் அப்பாவுக்கு,

நான் தேறவில்லை. நடந்ததை வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கூபாத் உங்கள் உறையை என்னிடம் கொடுக்கவில்லை. பள்ளி வாசலில் தலைமையாசிரியரைப் பார்த்து அவரிடமே கொடுத்துவிட்டார். "நம்ம இங்கிலீஷ் வாத்தியார் அடிச்சதா? அப்ப படிச்சே பாக்க வேண்டாம்" என்று தலைமையாசிரியர் முத்திரை குத்தி அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டார். பிரதி என் கைக்கு வந்தபோதுதான் பெயர்களைப் பார்த்தேன். சரி, பெயர் வருகிற இடத்தில் 'மாமனார்', 'சின்ன மாமனார்' என்று முறை சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. மூன்று பேர் வந்தார்கள். ஊர்ப் பெரியவர், பழைய தலைமையாசிரியர் என்று மாமாவையும் அழைத்திருந்தார்கள். பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு, வெள்ளைத் தொப்பியோடு, பின் பெஞ்சில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

போட்டோவைத் தொட்டு, 'திஸ் இஸ் மை ஃபாதர்-இன்-லா' என்றேன். பரிசோதகர்களில் ஒரு பெண், பட்டணத்துக்காரி, குட்டைத் தலைமுடி. திட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இங்க பேர் போட்டிருக்கே. திட்டத்துல உள்ளபடியே சொல்லுங்க."

நான் மறுபடியும் 'மை ஃபாதர்-இன்-லா' என்றே சொன்னேன்.

"பேர் மறந்துபோச்சா? உங்க குடும்பப் படம்தானே?"

"இது... இவர்..." என்றேன், நம் மொழியிலேயே. இங்கிலீஷ் எங்கோ ஓடிவிட்டது.

"சரி, பின்னால நிக்கிறவங்க? அவரு யாரு? இவரு?"

ஒருவர் பெயரும் என் வாயில் வரவில்லை. மற்ற பரிசோதகர்களில் வயதானவர் ஒருவர், தெற்கத்திக்காரர். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நினைத்திருந்தால் "சொல்லும்மா, பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து வெளியே போயிருந்தால்கூட நான் சொல்லியிருப்பேன். போகவில்லை. 'அடிப்படை வாக்கியங்களே தெரியவில்லை' என்று அந்தப் பெண் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மிச்சத்தையும் கேளுங்கள். சாயங்காலம் மாமா ஆடு அறுக்கச் சொன்னார். அக்கம்பக்கத்துக் கிழவர்களெல்லாம் வந்தார்கள். "ஆபீசருங்க முன்னாலகூட என் மருமக என் பேரை வாயில எடுக்கலை! வேலை போனாலும் போகட்டும்னு நின்னா!" என்று சொல்லி, தன் தட்டிலிருந்து கொழுப்புத் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எல்லாரும் கையேந்தி எனக்கு ஆசீர்வாதம் செய்தார்கள். என் பிழைப்பு மண்ணாய்ப் போனதற்கு விருந்து. அந்த விருந்துக்குத் தேநீர் ஊற்றியதும் நான்தான்.

மருமகள் புகுந்த வீட்டுப் பெரிய ஆண்களின் பெயரைச் சொல்லக்கூடாது. கணவன் பெயரையும் சொல்லக்கூடாது. இதை நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள், நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கத்தை! மாமாவின் பெயர் கல்லுக்கான நம் சொல்லில்தான் தொடங்குகிறது என்று கல்லைக்கூட நான் கல் என்று சொன்னதில்லை. 'கனமானது' என்பேன். 'கனமானதுமேல வழுக்கிடுச்சு', 'அரிசியில கனமானது கிடக்கு.' உங்கள் காதுக்கு நேரே பன்னிரண்டு வருஷம் இப்படிப் பேசியிருக்கிறேன். இந்தப் பாடத்துக்காக 'ஸ்டோன்' என்று படித்தபோது, மாட்டுக் கொட்டிலில் யாருமில்லாத நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என்ன சுகமாக இருந்தது தெரியுமா? அதற்காகவே இங்கிலீஷ் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் போகக்கூடாது என்று வேண்டுமென்றே பெயர்களைப் போட்டீர்களா? இதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

அனார்குல்


பிஷ்கெக்
9 டிசம்பர் 1996

அனார்,

வேண்டுமென்றே செய்வேனா? என்னை அவ்வளவு கேவலமானவன் என்றா நினைத்துவிட்டாய்? சத்தியமாக மறந்துபோயிற்று. நீ பெயர் சொல்வதில்லை என்பதே எனக்கு நினைவில் இல்லை. தினாரா என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், இங்கே எல்லாரும் அப்படித்தான். அதுவே பழகிவிட்டது.

ஆனால் நீயும் ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அப்பாவும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

போனது போகட்டும். உனக்கு இந்த வேலை தேவையே இல்லை. ஒரு லாரி நிலக்கரியும் நாலு மூட்டை மாவும் அனுப்புகிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்.

எர்கின்


சாரி-தாலா
6 ஜனவரி 1997

நிலக்கரி வந்து சேர்ந்தது.

வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதியிருந்தீர்களானால் உங்களை வெறுத்துவிட்டு, கொஞ்சம் பெருமைப்பட்டுமிருப்பேன். கெடுதல் செய்கிற அளவுக்காவது என்னைக் கவனித்திருக்கிறார் என்று இருக்கும். மறந்துவிட்டீர்கள். அவ்வளவுதான் நான்.

தெற்கத்திப் பரிசோதகருக்குக் கடிதம் எழுதினேன். அவர் பதில் போட்டார். பிப்ரவரி கடைசியில் வேறொரு ஊர்ப் பள்ளியில் இன்னொரு வாய்ப்பு.

அ.


பிஷ்கெக்
11 பிப்ரவரி 1997

அனார்,

நீ செய்வது நன்றாக இல்லை. கூபாத் எல்லாவற்றையும் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போய் இருக்கப் போகிறாயாமே? அப்பாவை யார் பார்ப்பது? கலிபெக் அண்ணன் ரஷ்யாவுக்குப் போனவர் போனவர்தான். எனக்கு இங்கே விடுமுறை கிடையாது. தினாரா அந்த ஊரில் ஒரு நாள் இருக்க மாட்டாள், அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது. கிழவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனவள் என்ற பேர் உனக்குத்தான் வரும், எனக்கு வராது, யோசித்துக்கொள்.

கோபத்தில் எழுதவில்லை. கெஞ்சித்தான் எழுதுகிறேன். கோடையில் ஒரு மாதம் வந்து இருக்கிறேன். அதுவரைக்கும் பொறு.

எர்கின்


16 மார்ச் 1997

எர்கின்,

பெயரைப் பார்த்ததும் கடிதம் யாருடையது என்று திருப்பிப் பார்த்திருப்பீர்கள். என்னுடையதுதான்.

தேறிவிட்டேன். அதே போட்டோ, அதே திட்டம், அதே குட்டைத் தலைமுடிக்காரி. வேறு பாடம் தருகிறேன் என்று தெற்கத்திப் பரிசோதகர் சொன்னார். நான்தான் இதுவே வேண்டும் என்றேன். முன் பெஞ்சில் எனக்குத் தெரியாத பிள்ளைகள். போட்டோவில் விரலை வைத்து 'திஸ் இஸ் தஷ்தான்' என்றேன். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். சித்தப்பா, அண்ணன் எல்லாரையும் சொன்னேன். கடைசியாக நான்கு அடி பின்னால் தள்ளி நின்று, கை நீட்டி, 'தட் இஸ் எர்கின்' என்றேன். அங்கே எந்தச் சொல் போட வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. ஒரு பையன் கேட்டான், "டீச்சர், இதுல நீங்க எங்க?" நான் அந்தப் படத்தில் இல்லை. அவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வேலையும் அறையும் கிடைத்தன. துணிமணியும் ஜிபாரின் புத்தகங்களும் எடுக்க வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. உங்கள் கூபாத் இருக்கும்போது தபால் எதற்கு?

மாமா கதவருகே, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவாருக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். திட்டவில்லை. அறையின் தலைமாட்டில், விருந்தாளிகளுக்கு விரிக்கிற மெத்தையைக் காட்டினார்.

"மேல போய் உக்காருங்க."

என்னை 'நீங்க' என்றார். என் கல்யாணத்திலிருந்து அவர் வாயில் கேட்காத மரியாதை.

"மாமா, நான் ஊத்துறேன், குடுங்க" என்று கை நீட்டினேன்.

"விருந்தாளி ஊத்தக் கூடாது" என்றார். "பேரச் சொல்லிக் கூப்பிடுறவங்க இந்த வீட்டு மருமக இல்ல. வெளியாளு. வெளியாளுக்கு என்ன மரியாதையோ அத நான் குறைக்க மாட்டேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த மெத்தையை எத்தனை வருஷம் நான் உதறி விரித்திருப்பேன், அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அங்கிருந்து பார்த்தால் முழு வீடும் தெரிகிறது. மாமா இரண்டு கையாலும் கெண்டியைத் தூக்கினார். கை நடுங்கியது. பாதி விரிப்பில் சிந்தியது, மீதி கிண்ணத்தில் விழுந்தது. கிண்ணம் விளிம்புவரை நிரம்பிவிட்டது.

நம் வீட்டில் விருந்தாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், இன்னும் இருக்கட்டும் என்று. நிரப்பி வைத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இதுவும் உங்களுக்கு மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். கை நடுக்கத்தில் நிரம்பியதா, போகச் சொல்லி நிரப்பினாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, உங்களுக்காக ஒருநாளும் வராத அழுகை. அவர் முன்னால் அழவில்லை.

குடித்துவிட்டு எழுந்தேன். கிண்ணத்தைக் கழுவவில்லை. விருந்தாளி கழுவுவதில்லை. அவரால் குனிந்து கழுவவும் முடியாது. நீங்கள் வரும்வரைக்கும் அது அங்கேயேதான் கிடக்கும்.

அனார்குல்